குண்டே விழாத ஊரில் போர்ப் படம் எடுப்பது எப்படி

எங்கள் குறும்படத்தில் ஒரு துப்பாக்கிகூடக் கிடையாது, ஆனாலும் அது போர்ப் படம்தான். 19 நிமிடம். இரண்டாம் உலகப் போர் எங்கோ நடக்கிறது, கதை திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் நடக்கிறது, கடைசி வரைக்கும் கேமரா அந்த ஊர் எல்லையைத் தாண்டுவதில்லை. பார்த்துவிட்டு "நாங்களும் ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கோம் அண்ணே, எங்கேருந்து ஆரம்பிக்கறது?" என்று கேட்கிற பிள்ளைகளுக்குத் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். நான் சினிமா படித்தவன் இல்லை, உரக்கடை வைத்திருக்கிறேன். எங்களுக்கு எது வேலைக்கு ஆனது, எது சொதப்பியது என்பதுதான் எனக்குத் தெரியும்.

முதல் வேலை, விமானம், டேங்க், வெடி எல்லாவற்றையும் தலையிலிருந்து இறக்கி வையுங்கள். காசு இல்லை என்பதற்காகச் சொல்லவில்லை. டெல்டாவுக்குப் போர் அந்த உருவத்தில் வரவே இல்லை. பினாங்கிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் வந்துகொண்டிருந்த மணியார்டர் நின்றது. கடிதம் நின்றது. பர்மா அரிசி நின்றது, சீமெண்ணெய் நின்றது, நாகப்பட்டினத்திலிருந்து கிளம்புகிற கப்பல் நின்றது. ஒரு வீட்டில் என்னவெல்லாம் நின்றுபோனது என்று ஒரு தாளில் எழுதினாலே பாதித் திரைக்கதை வந்துவிடும்.

அடுத்து தேதிகள். இதைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். 1941 டிசம்பர் 8, ஜப்பான் மலாயாவில் கோத்தா பாருவில் இறங்குகிறது. 11ஆம் தேதி பினாங்கில் குண்டு. 23ஆம் தேதி ரங்கூனில் குண்டு. 1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் விழுகிறது, மார்ச் 8 ரங்கூன். ஏப்ரல் 5 கொழும்பில் குண்டு, மறுநாளே விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும், 9ஆம் தேதி திரிகோணமலையில். கோடியக்கரையில் நின்றால் இலங்கை கூப்பிடு தூரம், அப்படியென்றால் அந்த ஏப்ரலில் இங்கே ஜனங்களுக்கு வயிறு எப்படிக் கலங்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதே மாதம்தான் மதராஸ் பட்டணமே காலியாகி, மூட்டை முடிச்சோடு சனம் சொந்த ஊர் தேடி ஓடியது. ஆனால் இதையெல்லாம் படத்தில் சொல்லப் போகிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். சுவரில் ஒட்டுவது தப்பு வராமல் இருப்பதற்குத்தான்.

நாங்கள் எழுதிய முதல் திரைக்கதை 1938இல், மலாயாவுக்குத் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை அரசாங்கம் நிறுத்தியதில் ஆரம்பித்து சுதந்திரம் வரைக்கும் போனது. 62 காட்சி. படித்துக் காட்டியதும் எங்கள் கேமராக்காரத் தம்பி "அண்ணே, இது பஞ்சாங்கம் மாதிரி இருக்கு" என்றான். கோபம்தான் வந்தது, ஆனால் அவன் சொன்னது சரி. கடைசியில் மூன்றே மூன்று நாளாகக் குறைத்தோம்: 1942 மாசியில் ஒரு நாள், 1943 கார்த்திகையில் ஒரு நாள், 1946 புரட்டாசியில் ஒரு நாள். இடையில் நடந்ததைப் பார்க்கிறவர்களே போட்டுக்கொள்வார்கள்.

யார் வீட்டுக் கதை என்பதில் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று இருக்கிறது, நாங்களும் செய்தோம். பழைய காலம் என்றதும் கண் நேராக ஓட்டு வீடு, முற்றம், தேக்குத் தூண், பத்தாயம் என்று ஓடும், ஃபிரேமில் அழகாக இருக்கும். ஆனால் தோட்டத்துக்கு ஆள் திரட்டுகிற கங்காணி பின்னால் மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத கூலிக்காரர்கள். அவர்கள் வீடு கூரை வீடு, குனிந்து நுழைகிற வாசல். எங்கள் முதல் திரைக்கதையில் சிங்கப்பூர் விழுந்த செய்தியை ரேடியோ சொல்கிற மாதிரி ஒரு காட்சி வைத்திருந்தோம். திருச்சி வானொலி 1939லேயே வந்துவிட்டது, அதனால் வரலாற்றுப்படி தப்பில்லை என்று எனக்கு ஒரே பெருமை. கீழத்தெருவில் ஒரு பெரியவரிடம் சொன்னேன். "ரேடியோப் பொட்டி மிராசுதார் வூட்ல இருந்திருக்கும் தம்பி, நம்மள யாரு உள்ள விட்டா கேக்க?" என்றார். காட்சி போய்விட்டது. அதற்குப் பதிலாக, வண்டி ஓட்டிக்கொண்டு போகிற ஆள் போகிறபோக்கில் சொல்கிற பாதிச் செய்தி, அதை இன்னொருவர் தப்பாகப் புரிந்துகொண்டு மற்றவரிடம் சொல்வது என்று மாற்றினோம், அதுதான் படத்திலேயே நன்றாக வந்த இடம்.

(காரைக்கால் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊர் அப்போது பிரெஞ்சுக்காரன் கையில். உங்கள் தாத்தாக்கள் போனது சைகோனுக்கு. அந்தக் கதையை யாராவது எடுங்கள், நான் சாப்பாட்டுச் செலவை ஏற்கிறேன்.)

சரி, கதைக்கு ஆட்களிடம் கேட்பது எப்படி. 1942இல் எட்டு வயது என்றால் இன்றைக்குத் தொண்ணூறு தாண்டியாயிற்று, அதனால் கேமரா வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். "போர்க்காலத்தில் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "கஷ்டந்தான் தம்பி" என்று ஒரே வார்த்தையில் கதவைச் சாத்திவிடுவார்கள். பொருளைப் பற்றிக் கேளுங்கள். அரிசி எங்கே வாங்கினீர்கள், சோப்புக்கு என்ன செய்தீர்கள், தீப்பெட்டி இல்லாவிட்டால் நெருப்புக்கு யார் வீட்டுக்குப் போவீர்கள். கையில் ஒரு பொருளைக் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. போரில் உலோகத் தட்டுப்பாடு வந்து 1943இல் நடுவில் ஓட்டை போட்ட காலணா அடித்தார்கள், பழைய நாணயம் விற்கிறவர்களிடம் சல்லிசாகக் கிடைக்கும். ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனேன். எங்கள் ஊர் அப்பாயி ஒருவர் அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "இதத்தான் எங்க தம்பிக்கு அரணாக்கயித்துல கோத்துக் கட்டிவுட்டுச்சு எங்க ஆத்தா" என்று ஆரம்பித்தவர் ஒன்றரை மணி நேரம் நிறுத்தவில்லை.

"வெளக்குக்கு என்ன அப்பாயி பண்ணுவீங்க?" என்றேன்.

"வெளக்கா? சீமெண்ணெ ஏது? நல்ல நாளு கெட்ட நாளுன்னா புன்னெண்ணெ ஊத்தி ஏத்துவோம். மத்த நாள்ல பொழுது இருக்கையிலயே கஞ்சியக் குடிச்சுட்டுப் படுத்துர வேண்டியதுதான். எங்க ஆத்தா மட்டும் படுக்காது. இருட்டுல உக்காந்துருக்கும்."

"ஏன்?"

"எங்கப்பா பெனாங்குல இருந்தாருல்ல."

அவ்வளவுதான் சொன்னார், அப்புறம் ஆட்டுக்குட்டியைப் பிடிக்க எழுந்து போய்விட்டார். ஃபோனை ரெக்கார்டிங்கில் போட்டுத் துண்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன், கேட்டுவிட்டுத்தான் வைத்தேன், நீங்களும் கேட்காமல் வைக்காதீர்கள். வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டுவிட்டு இருட்டில் ஒருத்தி உட்கார்ந்திருப்பது எங்கள் 1942 மாசிப் பகுதி முழுவதையும் தீர்மானித்துவிட்டது. லைட்டிங் செலவும் மிச்சம், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

படத்தின் நடுநாள் தாலி பற்றியது. புருஷன் மலாயாவில், இரண்டு வருஷமாகச் செய்தி இல்லை. உயிரோடு இருக்கிறானா இல்லையா. சட்டப்படி ஏழு வருஷம் தகவல் இல்லாவிட்டால்தான் ஒருவர் இறந்ததாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் வீட்டுக்குள் அந்தக் கணக்கு வேறு மாதிரி ஓடும். மாமியாருக்கு மகனுக்குக் காரியம் செய்துவிட வேண்டும், பிள்ளை எங்கேயோ அனாதையாகக் கிடக்கிறானே என்கிற தவிப்பு. மருமகள் பூவை எடுக்க மாட்டேன் என்கிறாள். இந்த இடத்தில் மாமியாரை வில்லியாக்கிவிட்டால் படம் போய்விட்டது. இரண்டு பேரும் ஒரே ஆளுக்காகத்தான் அடித்துக்கொள்கிறார்கள். எங்கள் படத்தில் அந்தச் சண்டை முழுக்க அரிசியில் கல் பொறுக்குகிறபடியே நடக்கும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே மாட்டார்கள்.

நடிகர்களுக்குக் கைவேலை கொடுப்பது எங்களுக்குத் தற்செயலாகக் கிடைத்த உபாயம். மாமியாராக நடித்தவர் வள்ளி திருமண நாடகத்தில் இருபது வருஷம் மேடை ஏறியவர். கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல். "மெதுவா பேசுங்கக்கா" என்று பத்து டேக் கெஞ்சியும் ஆகவில்லை. முறத்தைக் கையில் கொடுத்து, நிஜமாகவே கல் கிடக்கிற அரிசியைக் கொட்டி, "இதப் பொறுக்கிட்டே பேசுங்க, ஒரு கல்லு மிஞ்சுனாலும் இன்னிக்கு நமக்கு இதுதான் சோறு" என்றோம். கண் அரிசியில் போனதும் குரல் தானாக இறங்கிவிட்டது. புடைப்பது, கயிறு திரிப்பது, வைக்கோல் பிரி முறுக்குவது, கன்றுக்குட்டிக்கு உண்ணி எடுப்பது எதுவாக இருந்தாலும் சரி, வெறுங்கையோடு யாரையும் வசனம் பேச விடாதீர்கள்.

மூன்றாவது நாளில் ஆள் திரும்பி வருகிறார். ஜப்பான்காரன் போட்ட தாய்லாந்து பர்மா ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர். 415 கிலோமீட்டர், 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை, கொஞ்ச நாள் வேலை, நல்ல கூலி என்று ஆசை காட்டியும், பிடித்து இழுத்தும் சரக்கு ரயிலில் ஏற்றினார்கள். காலரா, மலேரியா, பசி, காலில் ஆறாத புண். ஆயிரக்கணக்கில் செத்தார்கள், எண்ணிக்கை எழுதி வைக்கக்கூட ஆளில்லை. இதைப் படமாக்க எல்லோருக்கும் ஆசை வரும். எங்களுக்கும் வந்தது. கைவிடப்பட்ட மீட்டர் கேஜ் பாதை ஓரமாகப் பன்னிரண்டு பையன்களை நிறுத்தி, உடம்பில் சேறு பூசி, மண்வெட்டியைக் கொடுத்து எடுத்தோம். என்.எஸ்.எஸ். கேம்ப் மாதிரி இருந்தது. எலும்பும் தோலுமான ஒரு கூட்டத்தை நல்லாச் சாப்பிடுகிற பையன்களை வைத்துக் காட்ட முடியாது, முடிந்தாலும் செய்யக் கூடாது என்றுதான் இப்போது தோன்றுகிறது.

அதற்குப் பதிலாக வேட்டியைப் பிடித்துக்கொண்டோம். நடவு வயலில் இறங்குகிற எந்த ஆம்பிளையும் வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டுவான், டெல்டாக்காரனுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. இவர் மட்டும் மடிக்க மாட்டார். கணுக்கால் வரை தொங்க விட்டபடியே சேற்றில் இறங்குவார், வேட்டி நனைந்து கனத்து இழுக்கும், பக்கத்து வரப்பில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். சாயங்காலம் பெண்டாட்டி அந்த வேட்டியை வாய்க்காலில் துவைத்துக்கொண்டே இருப்பாள், சேறு போகவே போகாது. காலில் என்ன இருக்கிறது என்று நாங்கள் கடைசி வரை காட்டவில்லை. அவரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஒரு பெட்டி மட்டும் கொண்டுவந்திருப்பார். உள்ளே வாழைமரம் போட்ட ஜப்பான் பத்து டாலர் நோட்டு கட்டுக்கட்டாக இருக்கும், 1945இல் ஜப்பான் சரணடைந்ததோடு அது வெறும் காகிதமாகிவிட்டது. பிள்ளைகள் அதை வைத்துக் கடை விளையாட்டு விளையாடுவார்கள்.

இப்போது படப்பிடிப்பு. டெல்டாவில் எதை எப்போது எடுப்பது என்பதை உங்கள் வசதி தீர்மானிக்காது, தண்ணீர்தான் தீர்மானிக்கும். மேட்டூரைத் திறக்க ஜூன் 12 என்று ஒரு நாள் வைத்திருக்கிறார்கள், திறந்தாலும் கடைமடைக்கு வந்து சேர நாளாகும், சில வருஷம் வாய்க்காலில் தவளைகூட இருக்காது. மூன்று பருவம் வேண்டுமென்றால் ஒரு முழுச் சாகுபடியோடு கூடவே போக வேண்டும். நாங்கள் புரட்டாசியில் நடவு, கார்த்திகையில் மழையும் பச்சையும், மாசியில் அறுவடை முடிந்து உளுந்து கிடக்கிற வயல் என்று எடுத்தோம். அப்படியென்றால் கதையின் கடைசி நாளை முதலில் எடுக்க வேண்டி வந்தது. மருமகளாக நடித்த தங்கை பொங்கல் முடிந்து மாசிக்கு வரும்போது மூன்று கிலோ ஏறியிருந்தார், எல்லோரும் பதறினார்கள், ஆனால் மாசி என்பது கதையில் பஞ்சத்துக்கு முந்தின நாள், அதனால் அதுவே சரியாகப் பொருந்திவிட்டது. நாள்களைத் திருப்பிப் போட்டிருந்தால் தொலைந்தோம்.

நெல்லைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் மாட்டுவீர்கள். இன்றைக்கு வயலில் நிற்கிற நெல் பெரும்பாலும் குட்டை ரகம், பசுமைப் புரட்சிக்குப் பிறகு வந்தது. 1943இல் நின்றது மார்பளவு உயரம் வளர்ந்து காற்றில் சாய்கிற நெல். சென்னையில் இருப்பவனுக்கு இரண்டும் பச்சைதான். மன்னார்குடியில் திரையிட்டால் முதல் வரிசையிலேயே ஒருவர் "என்னப்பா, வெள்ளக்காரன் காலத்துலயே ஒட்டு ரகமா?" என்று கேட்பார், படம் அங்கேயே படுத்துவிடும். திருத்துறைப்பூண்டிப் பக்கம் மாப்பிள்ளைச் சம்பா, குடவாழை போடுகிறவர்கள் இருக்கிறார்கள், விசாரித்து அவர்கள் வயலுக்குப் போங்கள். நடவும் அப்படித்தான். கடைமடையில் இப்போது பாதிப் பேர் நேரடி விதைப்பு, மீதிப் பேர் மிஷின், கைநடவுக்கு ஆள் தேடி நாங்கள் மூன்று ஊர் அலைந்தோம்.

மாட்டையும் பாருங்கள். ஜெர்சி கலப்பு மாடு 1942இல் கிடையாது. இந்த மண்ணுக்கு உம்பளச்சேரி மாடு இருக்கிறது, நெற்றியில் சுட்டியோடு, தலைஞாயிறு பக்கம் போனால் கிடைக்கும். நாங்கள் அதையே கொண்டுவந்து கட்டிவிட்டு எடிட்டிங்கில் உட்கார்ந்து பார்த்தால் கழுத்தில் நீலக் கலர் நைலான் கயிறு! ஒரு நாள் வேலை வீண். அதற்குப் பிறகு ஷாட் வைக்கும் முன்னால் ஒரு பையனை நிறுத்தி "1942க்கு அப்புறம் வந்தது எது தெரியுது?" என்று கேட்பதை வழக்கமாக்கினோம். அவன் பிடித்தவற்றில் நினைவில் இருப்பது: கரண்டுக் கம்பி, பிளாஸ்டிக் குடம், கூரை மேல் போட்ட தார்ப்பாய், சேஃப்டி பின் குத்திய பாலியஸ்டர் சேலை, தபாலில் "நாகப்பட்டினம் மாவட்டம்" என்று எழுதியது. அப்போது எல்லாமே தஞ்சாவூர் ஜில்லாதான், நாகப்பட்டினம் தனியாகப் பிரிந்தது 1991இல். மயிலாடுதுறை என்று யாரும் வாய் திறக்கக் கூடாது, 1982 வரை மாயவரம். வயதான பெண்களுக்கு ரவிக்கை இல்லாமல் இருப்பதுதான் அந்தக் காலத்துக்குச் சரி, ஆனால் நடிக்கிறவர் விருப்பம் அதைவிட முக்கியம், எங்கள் அக்கா மாட்டேன் என்றார், முந்தானையை இழுத்துப் போர்த்தி எடுத்தோம்.

கேமரா விஷயம் சுருக்கமாகவே சொல்கிறேன், யூடியூபில் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருகிறார்கள். நொடிக்கு 24 ஃபிரேம், ஷட்டர் 50இல் ஒரு பங்கு. எண்ணெய் விளக்குக் காட்சிக்கு அகலமாகத் திறக்கிற லென்ஸ் ஒன்றை வாடகைக்கு எடுங்கள், திரியைத் தடிமனாகத் திரித்துப் போடுங்கள், ஃபிரேமுக்கு வெளியே இன்னும் இரண்டு விளக்கு, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை வேட்டி. கூரை வீட்டுக்குள் விளக்கு என்றால் வாசலில் இரண்டு குடம் தண்ணீரும் ஒரு ஆளும் நின்றே ஆக வேண்டும்.

ஒலிதான் நிஜமான பாடு. போர்செட் மோட்டார் ஓசை எங்கேயும் கேட்கும், அறுவடை மிஷின் இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஓடினாலும் மைக்கில் விழும், மார்கழியில் விடிகாலை நாலரைக்கெல்லாம் கோயில் ஸ்பீக்கர் போட்டுவிடுவார்கள். அதனால் வசனம் இல்லாத காட்சிகளைப் பகலுக்கு ஒதுக்கிவிட்டு, பேசுகிற காட்சிகளை நண்பகல் சாப்பாட்டு நேரத்தில் எடுத்தோம், அப்போதுதான் ஊரே கொஞ்சம் அடங்கும். ராத்திரி இரண்டு மணிக்கு வயல் வரப்பில் மைக்கை வைத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் சும்மா பதிவு செய்யுங்கள். தவளை, தூரத்து நாய், தண்ணீர் மடை. இருட்டில் உட்கார்ந்திருக்கிற காட்சியில் எங்களிடம் இருந்தது அது ஒன்றுதான், பின்னணி இசை போடவில்லை.

அனுமதிக்கு அலட்சியமாக இருக்காதீர்கள். பெரிய கோயில், தாராசுரம் மாதிரி இடம் என்றால் தொல்லியல் துறை, மற்ற கோயில் என்றால் அறநிலையத் துறை, ரயில்வே இடம் என்றால் ரயில்வே. சொந்த ஊர் வயலாக இருந்தாலும் ஊராட்சியிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். எங்களுக்கு ஒரு இடத்தில், பெயர் வேண்டாம், கடிதத்தை வாங்கிக்கொண்டு நாலு நாள் இழுத்தடித்தார்கள், கடைசியில் அந்தக் காட்சியையே தூக்கிவிட்டோம். அது இல்லாததால் படத்துக்கு ஒன்றும் குறையவில்லை.

முடித்ததும் போட்டிக்கு அனுப்புகிற அவசரத்தில் இருப்பீர்கள், அதற்கு முன்னால் ஊரில் போட்டுக் காட்டுங்கள். நாங்கள் மாரியம்மன் கோயில் திடலில் திரை கட்டிப் போட்டோம். விளக்குக் கதை சொன்ன அப்பாயியை நாற்காலி போட்டு முன்னால் உட்கார வைத்தோம். பொழுது இருக்கையிலேயே குடும்பம் சாப்பிடுகிற காட்சி வந்தது. எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அவர் பக்கத்திலிருந்தவரிடம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இம்புட்டுச் சோறு எவன் போட்டான் இதுகளுக்கு?" என்றார். திடலே சிரித்தது. தட்டில் சோறு குவியலாகத் தெரிந்தால் கேமராவுக்கு நன்றாக இருக்கும் என்று நான்தான் போடச் சொல்லியிருந்தேன்.

அடுத்த வாரம் அந்தக் காட்சியை மட்டும் மறுபடி எடுத்தோம். அப்பாயியையே அடுப்படியில் உட்கார வைத்தோம். பானையில் அவரே தண்ணீர் ஊற்றிக் கலக்கினார், போதுமா அப்பாயி என்று நாங்கள் கேட்டபோதெல்லாம் இன்னும் ஒரு சொம்பு ஊற்றினார்.